சதுப்பில் வெட்டிய வாய்க்கால்

வாய்க்கால் வெட்டுவதில் மருதையனை மிஞ்ச அந்த ஆற்றங்கரையில் ஆள் கிடையாது. ஐம்பது வயதுக்கு மேல் மலையேறி, தன்னைவிட இருபது வயது இளைய துறவி பூரணியம்மையிடம் சீடராகச் சேர்ந்தார். உச்சிப் புல்வெளியில், சதுப்பை ஒட்டி இருந்தது குடில். ஆறு புறப்படுவது அந்தச் சதுப்பிலிருந்துதான்.

அந்தப் பங்குனியில் கீழே ஆறு நூலாக இளைத்துவிட்டது. ஆற்றை நம்பியிருந்த ஏழு ஊர்க்காரர்களும் மருதையனுக்கு ஆள் அனுப்பினார்கள். "ஆறு பிறக்கும் இடத்திலேயே இருக்கிறீர்கள். ஏதாவது செய்யுங்கள்."

அவர் குருவிடம் போனார்.

"அம்மா, சதுப்பு நிறையத் தண்ணீர் சும்மா கிடக்கிறது. கீழே பிள்ளைகளுக்குக் குடிக்க இல்லை. ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் என்ன?"

பூரணியம்மை மறுக்கவில்லை.

"மேற்கே சின்னச் சதுப்பு ஒன்று இருக்கிறதே, அதுவும் இதே ஆற்றுக்குத்தான் போகிறது. முதலில் அதில் வெட்டிப் பாருங்கள்."

ஒரே நாளில் வெட்டி முடித்தார். கறுப்பு மண்ணிலிருந்து கணுக்கால் அளவுத் தண்ணீர் குதித்தோடியது. மூன்றாம் நாள் செய்தி வந்தது, ஆறு அகன்றுவிட்டதாம், ஊரே வாழ்த்துகிறதாம். மருதையனுக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரிய சதுப்பிலும் வெட்ட வேண்டிய இடத்தில் குச்சி நட்டு வைத்தார்.

எட்டாம் நாள் வாய்க்காலில் ஈரம் மட்டும் இருந்தது. பத்தாம் நாள் சின்னச் சதுப்பு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"அம்மா, தண்ணீர் எங்கே?"

"வேகமாகப் போக வழி கேட்டீர்கள். போய்விட்டது."

மருதையன் பெரிய சதுப்பில் நட்ட குச்சிகளைப் பிடுங்கினார். புல்லோடு மண்ணை வெட்டி வந்து வாய்க்காலை அடைக்க இரண்டு நாள் பிடித்தது. பூரணியம்மையும் கூடை சுமந்தார்.

வேலை முடிந்து கைகழுவப் பெரிய சதுப்பின் விளிம்புக்கு வந்தார்கள். புல்வேர்களுக்கு அடியிலிருந்து விரல் தடிமனில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. தினமும் தாண்டிப்போன இடம்தான். மருதையன் இன்றைக்குத்தான் புல்லை விலக்கி, மண்டியிட்டுப் பார்த்தார். கலங்கல் இல்லை. கை வைத்தால் விறைத்தது.

"நாலு மாதமாகச் சொட்டு மழை இல்லை. இது மட்டும் நிற்காமல் வருகிறதே, அம்மா."

பூரணியம்மை தலையசைத்தார்.

மருதையன் மண்டியிட்டபடியே கேட்டார்.

"ஊராருக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"ஐப்பசியில் பெய்த மழை இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள்."