ஐந்து பேருக்கு ஒரு பிறந்தநாள்

டிசம்பர் இருபத்தொன்பது காலை, குழந்தைகள் நலக் குழுவின் அறையில் இருந்தவர்கள் பத்துப் பேர். குழுத் தலைவர் ஒருவர், உறுப்பினர்கள் இருவர், பெண் குழந்தைகள் இல்லத்தின் கண்காணிப்பாளர், வழக்கறிஞர் பிரிஸில்லா, அவருடைய ஜூனியர் நெல்லைநாயகம், இல்லத்துப் பெண்பிள்ளைகள் நால்வர். வர வேண்டிய பிள்ளைகள் ஐந்து.

நெல்லைநாயகம் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார். அவருக்கு வயது அறுபத்து மூன்று. அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, அதன்பின் சட்டம் படித்து, தன்னைவிட இருபத்தைந்து வயது இளையவரான பிரிஸில்லாவிடம் தொழில் கற்க வந்தவர்.

"செவ்வந்தி எங்கே?" என்று கேட்டார் தலைவர்.

கண்காணிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். "நேத்து காலையில போயிட்டா சார். மில்லுக்கு ஆள் எடுக்கிற பொம்பளை ஒருத்திகூட. ஒண்ணாந்தேதி நீங்க அனுப்புறதுக்கு முன்னாடி நானே போறேன்னு எழுதி வச்சிருக்கா."

ஜனவரி ஒன்றாம் தேதி அந்த ஐவருக்கும் பதினெட்டு வயது முடிகிறது. முடிந்தால் இல்லத்தில் இடமில்லை. பிளஸ் டூ தேர்வோ மார்ச் மாதம். தேர்வு முடியும்வரை இருக்க விடுங்கள் என்பதுதான் மனு.

தலைவர் கோப்பைப் புரட்டினார். "என்னம்மா, அஞ்சு பேரும் ஒரே நாள்லயா பொறந்தீங்க?"

"ஆமா சார். அஞ்சு பேருக்கும் சேர்த்து ஒரே கேக்கு. ஆளுக்கு ஒரு வாய்கூட வராது," என்றாள் வடிவு. மற்ற மூவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நெல்லைநாயகம் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

"அந்தத் தேதி நான் போட்டதுங்க ஐயா. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னால இங்க நான்தான் எழுத்தர். டாக்டர் 'சுமார் மூன்று வயது'ன்னு மட்டும் எழுதிக் கொடுத்தார். கட்டத்தைக் காலியா விட எனக்கு மனசு வரல. எல்லாருக்கும் ஜனவரி ஒண்ணு போட்டேன். கணக்குப் பாக்கச் சுலபம்னு."

வடிவு அவரையே பார்த்தாள்.

"அப்போ நான் பொறந்தது என்னைக்கு தாத்தா?"

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தலைவர் நான்கு உத்தரவுகளில் கையெழுத்துப் போட்டார். ஐந்தாவதைக் கையெழுத்திடாமல் பிரிஸில்லாவிடம் நீட்டினார்.

"பிள்ளை வந்து நிக்கணும். ஒண்ணாந்தேதி பிறக்கிறதுக்குள்ள எந்த நேரம் கூட்டிட்டு வந்தாலும் போடுறேன். அதுக்கப்புறம் அவ எங்க பொறுப்புல இல்ல."

வராந்தாவுக்கு வந்ததும் நெல்லைநாயகம் கேட்டார்.

"மேடம், மனு எழுதின அன்னைக்கே நான் உண்மையைச் சொல்லியிருந்தா செவ்வந்தி போயிருக்க மாட்டா, இல்லையா?"

"பதினஞ்சு நாளா அந்தக் கோப்பு என் மேசையில கிடந்தது," என்றார் பிரிஸில்லா. "உங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா ஐயா?"

"தெரிஞ்சும் ஏன் கேக்கல?"

"நீங்களே சொல்லட்டும்னு இருந்தேன்."

பிள்ளைகள் நால்வரும் வேனில் ஏறினார்கள். வடிவு ஜன்னலோர இடத்தைச் செவ்வந்திக்காகக் கையால் மறித்துப் பிடித்தாள். பிறகு நினைவு வந்தவள்போல் கையை எடுத்துக்கொண்டாள்.

"எந்த மில்லுன்னு தெரியாது. திருப்பூர்ப் பக்கம்ங்கறாங்க. அங்க எத்தனை மில்லுன்னு எண்ணி முடியாது," என்றார் நெல்லைநாயகம். "நான் இப்போ என்ன செய்ய, மேடம்?"

பிரிஸில்லா கையெழுத்தாகாத ஐந்தாவது உத்தரவை மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தார்.

"தேதி போட்டவர் நீங்க. எண்ணிச் சொல்லுங்க ஐயா. செவ்வந்தி இன்னும் எத்தனை நாளைக்குக் குழந்தை?"

நெல்லைநாயகம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி சரியாகப் பகல் பன்னிரண்டு.

"ரெண்டரை."