தேன்பாறையில் பாதிப் புத்தகம்

நெருங்கி உட்காருங்கள். பின்னால் இருப்பவர்களும் முன்னே வாருங்கள். இந்தக் கதையில் ரத்தம் இருக்கிறது. அதைக் கத்திச் சொல்ல எனக்கு மனசு வராது.

துரைசிங்கம், பட்டாபி என்று இரண்டு பேர். கேமரா புதிதாய் வந்த காலத்தில் வெள்ளைக்காரர்கள் மலைச்சனங்களைப் படம்பிடித்துப் போட்ட புத்தகங்களைத் தேடிச் சேர்ப்பதுதான் இருவருக்கும் கிறுக்கு. ஒருநாள் கூட்டாக ஒரு புத்தகத்தைப் பிடித்தார்கள். கழுவி எடுத்த நிஜப் படங்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிய புத்தகம். உலகத்தில் வேறு பிரதி கிடையாது என்று பேச்சு. அதில் ஒரு படம் தேன்பாறை. ஒருவன் கயிற்றில் தொங்கித் தேன் எடுக்கிறான், மேலே ஒருவன் முடிச்சுக்குக் காவல் நிற்கிறான். அந்தப் பாறையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று புத்தகமும் கையுமாக மலையேறினார்கள். மிருக பயம் என்று சொல்லித் துரைசிங்கம் துப்பாக்கி எடுத்துக்கொண்டான்.

வழிகாட்டப் போனவர்கள் மலைக்காரன் செவணன், அவன் பெண்சாதி மருதி, மருதியின் தம்பி கெம்பன். அப்படியே தேனும் எடுத்துவிடலாம் என்று கயிறும் கூடையும் கொண்டுபோனார்கள். அந்தச் சனத்தில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றுக்குக் காவல் நிற்பவன் இறங்குகிறவனின் பெண்சாதியோடு பிறந்தவனாக இருக்கவேண்டும். சொந்த அண்ணன் தம்பிகூடப் பங்குச் சண்டையில் அறுத்துவிடுவான். மச்சான் அறுக்கமாட்டான். அறுத்தால் விதவையாவது அவன் அக்கா அல்லவா?

பாறை உச்சியில் தூறல் பிடித்தது. துரைசிங்கம் சட்டென்று தன் சட்டையைக் கழற்றிப் புத்தகத்தைச் சுற்றினான். வெற்றுடம்பாய் நனைந்துகொண்டு நின்றான். பட்டாபி அதை வாங்கித் தன் பைக்குள் வைத்தான்.

“பையை இங்க கொடு, பட்டாபி.”

“ஆறு மாசம் உன் வீட்ல, ஆறு மாசம் என் வீட்ல. அதானே பேச்சு?”

“அது கீழ பேசின பேச்சு. இப்ப மேல வந்தாச்சு.”

பட்டாபி சிரித்தான். சிரித்த வாய் மூடுமுன் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. பையோடு சரிந்து பள்ளத்தில் போனான். பை நடுப்பாறையில் ஒரு புதரில் மாட்டிக்கொண்டது. ஆள் விழுந்த சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. துரைசிங்கம் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவன் கண் பையின்மேல் இருந்தது.

கெம்பன் அரிவாளோடு பாய்ந்தான். அவன் தொடையில் அடுத்த குண்டு. எலும்பு நொறுங்கி அவன் மரத்தடியில் விழ, அரிவாளும் துரைசிங்கம் கைக்குப் போனது.

“இறங்குடா. பையை எடு.”

செவணன் சொன்னான்: “காவலுக்கு என் மச்சான் நிக்கணுங்க.”

“இன்னைக்கு நான்தான்டா உன் மச்சான்.”

செவணன் பெரிய கயிற்றை மரத்தில் கட்டி இறங்கினான். முடிச்சின் பக்கத்தில் அரிவாளோடு துரைசிங்கம் நின்றான். கூடைக்கயிறு மட்டும் விளிம்பில் நின்ற மருதியின் கையில். அவள் முடிச்சையும் அரிவாளையும் மாறிமாறிப் பார்த்தாள். கொலையைப் பார்த்தவர்களை இவன் உயிரோடு விடுவானா? புத்தகம் மேலே வந்த மறுகணம் கயிறு அறுபடும். அப்புறம் தம்பி, அப்புறம் அவள்.

“அய்யா, தேனீ கலைஞ்சா நம்மளையும் பிச்சுப்புடும். பாட்டுப் பாடணுங்க.”

“தெரியும். புத்தகத்துலயே எழுதியிருக்கு. பாடு.”

எழுதியிருந்தது நிஜம்தான். ஆனால் மலைக்காரர் பேச்சு அவனுக்குத் தெரியாது. தேனீயைத் தாலாட்டுகிற ராகத்தில் மருதி பாடினாள்: ‘தேனடை அறுக்கும் கத்தியால் புத்தகத்தின் முதுகுத் தையலை அறு. முன்பாதியைக் கூடையில் போடு. பின்பாதியை இடுப்பில் கட்டு.’

கூடை வந்தது. உள்ளே பாதிப் புத்தகம். துரைசிங்கத்தின் முகம் வெளுத்தது.

“எங்கடி மீதி?”

“அவர் இடுப்புல இருக்குங்க. ஆளோடதான் வரும்.”

துப்பாக்கிக் குழல் கெம்பனின் நெற்றியில் அழுந்தியது. “மீதியைக் கூடையில போடச் சொல்லு. இல்லேன்னா உன் தம்பி மூளையைப் பாறையில வழிச்சு எடுப்பே.”

ரத்தத்தில் கிடந்த கெம்பன் கத்தினான்: “அக்கா, மாமாவ விட்டுராதே! நான் எப்படியும் நொண்டி.”

கீழிருந்து செவணன் குரல் ஏறி வந்தது: “மருதி, கொடுத்துரலாம். கெம்பனைப் பாரு!”

மீதியை அனுப்பினால் புருஷன் போவான். அனுப்பாவிட்டால் தம்பி போவான். அவரவர் தம் உயிரை விட்டுக்கொடுக்கிறார்கள். சொல்லுங்கள் பார்ப்போம்: இதில் யார் சொன்னதைக் கேட்பது சரி? மருதி யாரைக் காப்பாற்றினாள்?

விடை இதுதான். அவள் இரண்டு பேர் சொன்னதையும் கேட்கவில்லை. கூடையிலிருந்த பாதியை எடுத்துப் பள்ளத்துக்கு மேலே நீட்டிப் பிடித்தாள். “சுடுங்க. விரலை விட்டுடறேன். துப்பாக்கியையும் அரிவாளையும் எறிஞ்சுட்டு அவரை மேல ஏத்துனா, ரெண்டு பாதியும் உங்களுக்குத்தான்” என்றாள். ஆளைச் சுட்டுத் தள்ளியபோது இமைக்காதவன், காற்றில் ஒரு தாள் படபடத்ததும் “ஐயோ, மடிச்சுராதே!” என்று அலறினான். அவள் சொன்னபடி முதலில் துப்பாக்கியைப் பள்ளத்தில் எறிந்தான், பிறகு அரிவாளை. உள்ளங்கைத் தோல் உரிய உரியச் செவணனை அவனே இழுத்து ஏற்றினான். மருதி சொன்ன சொல் தவறவில்லை, இரண்டு பாதியையும் அவனிடமே கொடுத்தாள். தையல் அறுந்த தாள்கள் காற்றில் பறக்கப் பார்த்தன. இரண்டு கையாலும் மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான். செவணன் அவனை மரத்தோடு சாய்த்துப் பிடிக்க, அவள் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தாள். கையை உதறினால் திமிறித் தப்பலாம், ஆனால் புத்தகம் பள்ளத்துக்குப் போய்விடும். அவன் உதறவில்லை. “மெதுவா, மெதுவா, படம் கசங்கும்” என்று கெஞ்சினான். மருதி தாள் கசங்காமல் கடைசி முடிச்சை இறுக்கினாள்.