நுணல் மண்ணுக்குள் போன கதை

மிருகங்களும் மனிதர்களும் ஒரே பேச்சில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், நுணல் என்கிற தவளை மண்ணுக்கு வெளியேதான் வாழ்ந்தது. மேற்கு மலையில் ஓர் ஓடைக்கரைப் பாறை அதன் இருப்பிடம். உடம்பு பாசியைப் போலப் பச்சை. கண்கள் உருண்டு பெரிதாக இருக்கும். பறக்கிற ஈசலை நாக்கை நீட்டிப் பிடித்துத் தின்னும். குரல் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய குரல். அது வாயைத் திறந்தால் எதிர்மலையில் மேயும் கடமான் தலையைத் தூக்கிப் பார்க்கும்.

ஓடைக்கு வடக்கே, சரிவின் அடியில் சில குடிசைகள் இருந்தன. சாமையும் கேழ்வரகும் விதைத்துப் பிழைக்கும் சனங்கள். கோலனும் அவன் மனைவி சடைச்சியும் அங்கேதான் இருந்தார்கள். கோலனின் தகப்பனார் நஞ்சனும் அவர்களோடு இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சடைச்சிக்குத் தினமும் ஓடையிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர் அவர். மருமகளை ஒரு நாளும் அதட்டிப் பேசியதில்லை.

குடிசைகளுக்கு மேலே சரிவு முழுவதும் அடர்ந்த சோலைக்காடு. விளைச்சல் போதாத ஒரு வருடம் ஊர்க்காரர்கள் அந்தக் காட்டை வெட்டி எரித்தார்கள். முதல் மரத்தில் கோடாலி போட்டவன் கோலன்.

"இத்தனை மரத்தை வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கணுமா? இங்க விதைச்சா பிள்ளைங்க வயிறாச்சும் நிறையும்" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த வருடமும் அடுத்த வருடமும் குதிர் நிரம்பியது. மழையும் வழக்கம்போலக் கொட்டியது. மலை அசையவில்லை. மரங்கள் போனாலும் வேர்கள் மண்ணுக்குள் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. பிறகு அவை ஒவ்வொன்றாக மக்கத் தொடங்கின. மேலே விதைத்துக்கொண்டிருந்த யாருக்கும் அது தெரியவில்லை.

முதலில் சந்தேகப்பட்டது நுணல்தான். மழை நின்ற பிறகும் ஓடைத் தண்ணீர் செம்மண் கலந்தே வந்தது. என்றைக்கும் வற்றாத ஊற்று ஒன்று வற்றிப்போனது. இதுவரை ஈரமே காணாத ஓர் இடத்தில் புதிதாகத் தண்ணீர் கசிந்தது. அந்த ஆடி மாதம் மழை விடாமல் அடித்தது. நுணல் பாறை மேல் ஏறி நின்று கத்தியது.

"மலை இறங்கப் போகுது! எல்லாரும் ஓடுங்க! ஆத்தா சடைச்சி, கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடு!"

ஊர் முழுவதும் பதறிக்கொண்டு உச்சியில் இருந்த மொட்டை மேட்டுக்கு ஏறியது. நஞ்சனுக்கு அப்போது காய்ச்சல். அவரைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்கள். மேட்டில் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. காற்றும் மழையும் மாறி மாறி அடித்தன. எல்லோரும் கீழே பார்த்தபடி காத்திருந்தார்கள். மலை இறங்கவே இல்லை. மழை விட்டதும் நனைந்த கோழிகளைப் போலத் திரும்பி வந்தார்கள்.

குளிர் நெஞ்சில் இறங்கி நஞ்சன் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்ததும் சடைச்சி ஓடைக்கரைக்கு வந்தாள். நுணல் பாறையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது.

"உன் பேச்சைக் கேட்டுத்தானே மாமாவை மேல தூக்கிட்டுப் போனோம்?" என்றாள்.

"எனக்கு அப்படித்தான் தோணிச்சு, ஆத்தா. தண்ணி கலங்கி வந்துச்சு, ஊத்து இடம் மாறிச்சு..."

"தோணிச்சு! வெளிய உக்காந்துக்கிட்டு ஆயிரம் தோணும். மலைக்குள்ள என்ன நடக்குதுன்னு நீ போய்ப் பாத்தியா?"

சடைச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த ஓடைக்கரையில் நுணலின் குரல் கேட்கவில்லை. பிள்ளைகள் கல்லெறிந்து சீண்டினாலும் அது வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஆடி வந்தது. மழை போன வருடத்தைவிடக் கனமாகப் பிடித்தது. ஓடை மறுபடி சிவந்தது. சரிவின் மேற்புறத்தில் நிலம் கோடு போட்டது போல விரிசல் விட்டிருப்பதை நுணல் பார்த்தது. கத்துவதற்குத் தொண்டையை ஊதியது. கம்பளியில் சுற்றிக் கிடந்த நஞ்சனின் முகம் நினைவுக்கு வந்தது. ஊதிய தொண்டை அப்படியே அடங்கிவிட்டது. இந்தத் தடவையும் தப்பாகிவிட்டால்? கத்தாமல் இருந்து மலை இறங்கிவிட்டால்?

நுணல் பாறையிலிருந்து இறங்கியது. சரிவில் ஏறி, விரிசலின் ஓரத்தில் பின்னங்கால்களால் மண்ணைத் தோண்டத் தொடங்கியது. மண் அதன் முதுகை மூடியது. வெளிச்சம் போனது. தவளைக்குலத்தில் அதற்கு முன் யாரும் செய்யாத காரியம் அது.

உள்ளே போகப் போக இடம் இறுகியது. முகத்தை நீட்டி நெருக்கி மண்ணைக் குத்தியதில் மூக்கு கூம்பிப் பன்றியின் மூக்கைப் போல ஆனது. மண் உறுத்திக் கண்கள் சுருங்கின. பச்சைத் தோலில் இருட்டு ஊறிக் கத்தரிக்காய் நிறமானது. பசித்தபோது வாய்க்கு எட்டிய கறையானைத் தின்றது.

மக்கிப்போன வேர்கள் இருந்த இடமெல்லாம் குழாய்களைப் போலத் துளைகள். மழைத்தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக ஓடி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தைக் காதால் பிடித்துக்கொண்டே நுணலும் இறங்கியது. கடைசியில் பாறை தட்டுப்பட்டது. பாறைக்கும் மண்ணுக்கும் நடுவே தண்ணீர் தேங்கிப் பெருகியிருந்தது. முழுச் சரிவும் அந்தத் தண்ணீரின் மேல் மிதக்கிற நிலைமைக்கு வந்திருந்தது. சின்னக் கற்கள் ஒன்றோடொன்று உரசி நறநறவென்று பல்லைக் கடிப்பது போலச் சத்தமிட்டன.

இப்போது நுணலுக்குச் சந்தேகமே இல்லை. மேலே ஏறிப் போய்ச் சொல்ல நேரமில்லை என்பதும் தெரிந்தது. பாறையை ஒட்டியே கீழ்நோக்கித் தோண்டிக் குடிசைகள் இருந்த பக்கம் விரைந்தது.

வெளியே அப்போது மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஈரத்துணிகளைக் காயப்போட்டார்கள். கோலன் ஆடுகளை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தான். சடைச்சி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அவள் காலுக்குக் கீழே தரையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆத்தா! நான் உள்ளேதான் இருக்கேன். பாத்துட்டேன். மண்ணு பாறையை விட்டுருச்சு. மொட்டை மேட்டுக்குப் போகாத. தெக்கால, காடு வெட்டாத பக்கம் போ!"

சடைச்சியின் கையிலிருந்த துடுப்பு விழுந்தது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி வந்து ஊரைக் கூப்பிட்டாள்.

"வெயில் அடிக்கிறப்ப மலை எங்க இறங்கப் போகுது?" என்றான் கோலன். "இந்தத் தவளை பேச்சைக் கேட்டு எங்கப்பனைக் குடுத்தேன். மறுபடியும் ஏமாறணுமா?"

"எனக்கும் அவரு அப்பன்தான்" என்றாள் சடைச்சி. "அன்னைக்கு அது வெளிய நின்னு பயந்துக்கிட்டுக் கத்துச்சு. இன்னைக்கு நம்ம அடுப்படிக்குக் கீழ இருந்து பேசுது. நான் போகச் சொன்ன இடத்துக்கே போயிருக்கு. நான் கிளம்புறேன். நீ வந்தா வா."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். மற்றப் பெண்கள் பின்னால் போனார்கள். ஆண்கள் முணுமுணுத்துக்கொண்டே கிழவர்களைத் தோளில் தூக்கினார்கள். கோலன் தரையில் காதை வைத்துப் பார்த்தான். அடியில் கற்கள் நறநறவென்று உரசுவது கேட்டது. ஆடுகளை ஓட்டிக்கொண்டு கடைசி ஆளாக ஓடினான்.

தெற்குப் பக்கத்துச் சோலைக்குள் பெரிய பாறை ஒன்றின் அடியில் எல்லோரும் ஒண்டியிருந்தார்கள். முதலில் பச்சை மண் வாசனை வந்தது. பிறகு கேழ்வரகுப் பயிர் அப்படியே நின்ற நிலையில் கீழே நகர்ந்து வருவதைப் பார்த்தார்கள். அதன் பிறகு எதுவும் நின்ற நிலையில் இல்லை. சத்தம் அடங்கியபோது வடக்குச் சரிவும் குடிசைகளும் ஓடைக்கரைப் பாறையும் இருந்த இடத்தில் சேறு மட்டும் கிடந்தது. அவர்கள் ஒண்டியிருந்த பக்கத்தில் ஒரு மரம்கூடச் சாயவில்லை.

யாரும் சாகவில்லை. ஆனாலும் சடைச்சியால் சந்தோஷப்பட முடியவில்லை. சேறு காய்ந்த பிறகு தினமும் அதன் மேல் நடந்து நுணலைக் கூப்பிட்டாள். "கோவத்துல ஒரு வார்த்தை சொன்னேன். அதை வச்சுக்கிட்டு இப்படிப் போயிட்டியே" என்று புலம்புவாள். கோலனும் அவளுக்குத் துணையாகப் போய்வருவான்.

கோடை முடிந்து முதல் இடி இடித்தது. முதல் மழை இறங்கியதும் ஓடைக்கரை மண்ணுக்கு அடியிலிருந்து அந்தக் குரல் கேட்டது. இருவரும் ஓடினார்கள். மண் வெடித்து, உப்பிய உடம்பும் கூர்மூக்கும் கத்தரிக்காய் நிறமுமாக ஓர் உருவம் வெளியே வந்தது. சடைச்சிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள். குனிந்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"என்ன கோலமப்பா இது? இனிமே எங்களோடயே இரு. உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"வெளிச்சத்துல கண்ணு கூசுது, ஆத்தா" என்றது நுணல். "மலை பேசுறது அங்கதான் காதுல விழுது. யாராவது அங்க இருக்கணும். பொண்டாட்டி தேடத்தான் மேல வந்தேன். முட்டையை ஓடையில விட்டுட்டுப் போயிருவேன்."

கோலன் அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "நாங்க என்ன செய்யணும்?"

"சரிவுல இனிமே கோடாலி வைக்காத. மரம் தானா முளைச்சு வரும். அது போதும்."

அதன் இணை ஓடையில் முட்டையிட்டு முடித்ததும் நுணல் பின்னங்கால்களால் தோண்டிக்கொண்டு உள்ளே போனது. கோலனும் ஊர்க்காரர்களும் சரிவை விட்டுச் சமதளத்தில் குடிசை போட்டார்கள்.

அந்த நாளுக்குப் பிறகுதான் நுணல் வருடம் முழுவதும் மண்ணுக்குள் வாழ்ந்து, முதல் மழைக்கு மட்டும் வெளியே வருகிறது. தரைக்கு அடியிலிருந்து அதன் குரல் கேட்டால் அந்த மலைச்சனங்கள் கைவேலையை நிறுத்திவிட்டுச் சரிவை அண்ணாந்து பார்ப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. அதற்காக யாரும் நுணலைத் திட்டுவதும் இல்லை.