வண்ணத்துப்பூச்சி மாத்திரை

நாறும்பூநாதன் ஒரு மாத்திரையைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஆசிரமத்துக்கு வந்தார். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அவருடைய குரு செண்பகவல்லி அம்மாவுக்கு நாற்பதுதான். தன்னைவிட மூத்த சீடர்களை அம்மா ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஞானத்துக்கு எத்தனை வழி உண்டோ அத்தனையிலும் கொஞ்ச தூரம் போய்த் திரும்பியவர் நாறும்பூநாதன். மூச்சை அடக்கிப் பார்த்தார். உப்பை விட்டுப் பார்த்தார். இமயமலைப் பக்கம் ஒரு மடத்தில் போனை அணைத்துவிட்டு மௌனமாக இருந்து பார்த்தார். அந்த மௌனத்தின்போதுதான் பாளையங்கோட்டையில் அவருடைய தாயார் காலமானார்.

தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவர் கடைசி மகன். அவர் வந்து சேராததால் அண்ணன் கோமதிநாயகமே வைத்தார். அண்ணன் கோபமாக இருப்பார் என்று தம்பி அதன்பிறகு அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

அம்மா அடுக்களை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு மாத்திரை என் மனசைத் தெறந்துட்டுது. அது உண்மையா, பொய்யா?”

“என்ன மாத்திரை?”

“ஆம்பெட்டமைன் வகையாம். வேகமும் கொடுக்கும், இல்லாததையும் காட்டும். பெங்களூர்ல ஒரு சிநேகிதர் கொடுத்தாரு.”

அம்மா கீரையைத் தள்ளி வைத்தார். “போட்டதும் என்ன ஆச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க.”

திட்டு விழும், அதற்கு இன்ன பதில் சொல்லலாம் என்று பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தார் நாறும்பூநாதன். அத்தனையும் வீணாகப் போனது.

“மொதல்ல ஒண்ணுமே ஆகலை. போலி மாத்திரைன்னு நெனச்சு இன்னொண்ணும் போட்டேன். அப்புறம் ரெண்டும் சேந்து வந்துது. செவுரெல்லாம் மூச்சு விட்டுது. நான் வேற, உலகம் வேறன்னு இல்லாமப் போச்சு.”

“பல்லு?”

“என்னது?”

“பல்லைக் கடிச்சீங்களா? தாடையைத் தடவிக்கிட்டே பேசுதீங்களே.”

நாறும்பூநாதன் தாடையிலிருந்து கையை எடுத்தார். “கடிச்சேன். கடைவாய்ப் பல்லு ஓரத்துல ஒடஞ்சு போச்சு.”

“நெஞ்சு?”

“கெடந்து அடிச்சுது.”

“உடம்பு?”

“கொதிச்சிருக்கு. எனக்குத் தெரியலை. தாகமும் தெரியலை. சிநேகிதர் வீட்டுல எல்லாரும் சேந்து ஆடிக்கிட்டே இருந்தோம். கூட ஆடின ஒருத்தரு சுருண்டு விழுந்துட்டாரு. உடம்புச் சூடு தாங்கலைன்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க.”

“பொழைச்சாரா?”

“பொழைச்சாரு. கிட்னிதான் இன்னும் சரியாகலை.”

உலகமும் தானும் ஒன்றாகிப் போனதைப் பற்றிச் சொல்ல அவரிடம் இன்னும் நிறைய இருந்தது. அம்மா பல்லையும் நெஞ்சையும் விட்டு வருகிற வழியாக இல்லை. கடைசியில் அம்மாவே அதைக் கேட்டார்.

“மனசு தெறந்துதுன்னீங்களே, உள்ள யாரு இருந்தா?”

நாறும்பூநாதனின் குரல் இறங்கிவிட்டது. “அண்ணன் இருந்தாக. அவுக மேல அவ்வளவு பிரியம் வந்துது. தேம்பித் தேம்பி அழுதேன். அவுக என்னை மன்னிச்சிட்ட மாதிரியே இருந்துது.”

“மறுநாள் அண்ணனுக்குப் போன் பண்ணீங்களா?”

“இல்ல அம்மா. எந்திரிக்கவே முடியலை. எல்லாம் வெறுத்துப் போச்சு. ஒரு வாரம் செவுத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தேன்.”

“செவுரு அப்பவும் மூச்சு விட்டுதா?”

“இல்ல.” சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

அவர் கைக்குட்டையை அவிழ்த்தார். இளநீல மாத்திரை ஒன்று. அதன் மேல் ஒரு வண்ணத்துப்பூச்சி பதிந்திருந்தது.

“இது எனக்கு இல்ல. நாளைக்குப் பாளையங்கோட்டைக்குப் போறேன். அண்ணனுக்குக் காபின்னா உசிரு. நானே போட்டு, இதை அதுல கரைச்சுக் கொடுத்துரலாம்னு இருக்கேன். அவுக மனசும் தெறக்கும். என்னை மன்னிச்சிருவாக.”

“அண்ணன் உடம்பு எப்படி?”

“பிரஷர் உண்டு. நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட் வச்சிருக்குன்னு சொன்னாங்க. அதனாலதான் பாதி போதும்னு நெனச்சேன்.”

அம்மா மாத்திரையை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பூச்சி எதுக்கு?”

“செய்யுதவன் போடுத அடையாளம்.”

“செய்யுதவன் யாரு?”

“தெரியாது.”

“இதுல என்ன இருக்கு, எவ்வளவு இருக்கு?”

“அதை யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி.”

அம்மா மாத்திரையோடு உள்ளே போனார். அடுக்களையில் பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் மாத்திரை இல்லை. ஒரு டம்ளர் காபி இருந்தது. அதை அவர் முன்னால் வைத்தார்.

“குடிங்க ஐயா.”

நாறும்பூநாதன் காபியைப் பார்த்தார். அம்மாவின் வெறுங்கையைப் பார்த்தார்.

“மாத்திரை எங்க அம்மா?”

அம்மா டம்ளரை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

“முழுசாப் போட்டீங்களா, பாதியா?”

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன இருக்குன்னு தெரியாம எப்படிக் குடிக்கிறது?”

நுரை அடங்கியது. காபியில் ஆடை படர ஆரம்பித்தது. அவர் கை டம்ளர் வரை போய்த் திரும்பி வந்தது. அம்மாவை அவர் தெய்வமாக நினைத்தவர்தான். ஆனாலும் குடிக்க முடியவில்லை.

அம்மா டம்ளரை எடுத்துத் தானே குடிக்க ஆரம்பித்தார். நாறும்பூநாதன் பதறி எழுந்தார்.

“உக்காருங்க. வெறும் காபிதான். மாத்திரை அடுப்புக்குள்ள போயிட்டுது. நின்னு பாத்தேன். பூச்சி பறக்கும்னு நெனச்சேன், கருகித்தான் போச்சு.”

அவர் உட்கார்ந்தார். நெற்றி வேர்த்திருந்தது.

அம்மா காபியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். “நான் கொடுத்து நீங்க குடிக்கலை. நீங்க கொடுத்தா அண்ணன் குடிப்பாகளா?”

நாறும்பூநாதன் யோசித்தார். சின்ன வயசில் தான் பாதி குடித்த காபியைக்கூட அண்ணன் முகம் சுளிக்காமல் வாங்கிக் குடித்தது ஞாபகம் வந்தது.

“குடிப்பாக.”

“இத்தனை வருஷம் போகாம இருந்துட்டு, திடீர்னு போய் நின்னாலுமா?”

“நின்னாலும் குடிப்பாக.”

“உள்ள என்ன இருக்குன்னு கேப்பாகளா?”

“கேக்க மாட்டாக.” அவர் காலி டம்ளரைப் பார்த்தார். “தம்பி கொடுத்தான்னு குடிச்சிருவாக.”

அம்மா கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“அப்ப அவுக மனசுல இன்னும் என்னத்தத் தெறக்கணும் ஐயா?”