கும்பிட்ட நரியை அடிக்கக் கூடாது

மலையடிக் குளத்தின் கரையில் ஓர் ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகள் இட்டிருந்தது. ஆள்காட்டி மரத்தில் கூடு கட்டாது. வெறும் தரையில்தான் முட்டையிடும். ஆனாலும் இந்த முறை அதற்குப் பயமே இல்லை. பக்கத்திலேயே மூன்று சண்டை ஆசான்கள் களம் போட்டிருந்தார்கள். இதைவிடப் பத்திரமான இடம் காட்டில் ஏது என்று நம்பிவிட்டது, பாவம்.

முதல் ஆசான் வரையாட்டுக் கிடா. பத்தடி பின்னால் போய், ஓடிவந்து முட்டுவது அதன் பாணி. இரண்டாவது, காட்டுச் சேவல். துள்ளி எழுந்து காலால் வெட்டும். மூன்றாவதான குரங்குக்குக் கையில் கம்பு வேண்டும். கம்பு சுற்றும் சத்தத்திலேயே எதிரி ஓடிவிடுவான் என்று சொல்லிக்கொள்ளும். எந்த எதிரி எப்போது ஓடினான் என்று யாரும் பார்த்ததில்லை.

விடிந்தால் போதும், யாருடைய பாணி உசத்தி என்று மூன்றும் வாய்ச்சண்டையில் இறங்கிவிடும். ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. களத்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டவனை, போட்டி தொடங்கும்வரை அடிக்கக் கூடாது.

ஒரு நாள் காலையில் நரி வந்தது. அதன் மூக்கு முட்டைப் பக்கம் திரும்பியதை ஆள்காட்டி பார்த்துவிட்டது.

“ஆசானே, நரி வந்திருக்கு!” என்று அலறியது.

கிடா பின்னால் நகர்ந்தது. சேவல் சிலிர்த்தது. குரங்கு கம்பைத் தேடியது. அதற்குள் நரி மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

“வித்தை கத்துக்க வந்தேன், ஆசானே. மூணு பேர்ல யார் பாணி உசத்தின்னு தெரிஞ்சா, அவர் கால்ல விழுந்துடுவேன்.”

அவ்வளவுதான். மூன்றுக்கும் தலை கிறுகிறுத்துவிட்டது.

“என் முட்டுக்கு முன்னால எந்த வித்தை நிக்கும்?” என்றது கிடா.

“நீ பத்தடி போய்த் திரும்புறதுக்குள்ள நான் நாலு வெட்டு வெட்டிடுவேன்” என்றது சேவல்.

“என் கம்பு நீளத்துக்கு உன் கால் எம்மாத்திரம்?” என்றது குரங்கு.

“அதை அப்புறம் பேசுங்க. நரி என் முட்டைகிட்ட போகுது, ஒரு முட்டு முட்டுங்க” என்று கெஞ்சியது ஆள்காட்டி.

“கும்பிட்டவனை எப்படிம்மா அடிக்கிறது? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?” என்று எரிந்து விழுந்தது கிடா.

பிறகு மூன்றும் ஒன்றையொன்று முட்டி, வெட்டி, அடித்துப் புரண்டன. நரி சாவகாசமாக நடந்து போய் ஒரு முட்டையை உடைத்து நக்கியது. இந்த வெட்டிப் பயல்களை நம்பினோமே என்று ஆள்காட்டி தன்னையே திட்டிக்கொண்டது.

அதற்குமேல் அது யாரையும் கூப்பிடவில்லை. ஓர் இறக்கையை ஒடிந்ததுபோலத் தொங்கவிட்டு, நரியின் மூக்குக்கு நேரே விழுந்து புரண்டது. முட்டையைவிடக் கறி பெரிதல்லவா? நரி பாய்ந்தது. ஆள்காட்டி நொண்டி நொண்டி, அகப்படாமலே அதைக் குளத்துச் சேற்றுக்கு இழுத்துப்போனது. நரி வயிறுவரை சேற்றில் இறங்கியதும் இரண்டு இறக்கைகளையும் விரித்துப் பறந்தது. மத்தியானம்வரை சேற்றில் உழன்ற நரி, கரையேறி, திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

கொம்பு உடைந்த கிடாவும், இறகு உதிர்ந்த சேவலும், தலை வீங்கிய குரங்கும் அப்போதுதான் வந்தன.

“நம்ம சீடன் எங்கே?” என்றது குரங்கு.

ஆள்காட்டி நடந்ததைச் சொன்னது.

“பின்வாங்கினியா? அது என் பாணி” என்றது கிடா.

“கடைசியில எழும்பினது என்னோடது” என்றது சேவல்.

“இறக்கையைத் தாழ்த்தினது நான் கம்பு பிடிக்கிற மாதிரிதான்” என்றது குரங்கு. மறுபடியும் அடிதடி தொடங்கிவிட்டது.

மறுநாள் குஞ்சுகள் பொரிந்தன. ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரிந்த அன்றே நடக்கும். தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குக் கிளம்பியது.

கிடா வழிமறித்தது. “மூணு பிள்ளைங்களையும் யார்கிட்ட வித்தைக்கு விடப் போறே?”

“நாலாவது எங்கேன்னு கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன், ஆசானே” என்று சொல்லிவிட்டு ஆள்காட்டி நடந்தது.

பக்கத்தில் இருப்பவர் அலறும்போது கைகொடுக்காத வித்தையில் உசத்தி எது, மட்டம் எது என்று பேசுவது வெறும் வெட்டிப் பேச்சு.