குளித்துவிட்டுப் போன குழாய்த் தண்ணீர்

வட்டக்கோணம் என்றோர் ஊர். அங்கே அறிவுக்குப் பஞ்சமே இல்லை. ஆளாளுக்கு இருந்ததை யாரும் செலவு செய்யாமல் அப்படியே வைத்திருந்தார்கள்.

அவ்வூர் அடைக்கலத்தின் ஒரே மகள் பூவாத்தாள். அவளைத் தன் மகனுக்குக் கேட்டு வந்த பக்கத்து ஊர் ராசையா, ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீர் குடித்துவிட்டு மூன்று நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நாலாம் நாள் சொல்லியனுப்பினார்: "தண்ணி நல்ல தண்ணின்னு லேப்ல சீட்டு வாங்கிக் காட்டுங்க. அப்புறந்தான் நிச்சயம்."

அடைக்கலத்துக்குச் சோறு இறங்கவில்லை. மகளுக்குப் பிடித்துப்போன மாப்பிள்ளை ஆயிற்றே! மச்சான் சேவுகனையும் பங்காளி மலையப்பனையும் கூட்டிக்கொண்டு டவுன் லேப்புக்கு ஓடினார்.

லேப் அம்மா ஒரு பாட்டிலைக் கொடுத்தார். "வீட்டுக் குழாய்ல பிடிங்க. பாட்டிலுக்குள்ள கை படக் கூடாது. வெயில் படாம கொண்டு வாங்க."

கை படக் கூடாதென்று மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் குழாயை யார் திறப்பது என்று அரை மணி நேரம் யோசித்தார்கள். கடைசியில் சேவுகன் பல்லால் திறந்தார். டீ நிறத்தில் தண்ணீர் வந்தது, கூடவே ஒரு புழுவும் வந்தது.

"ஏன் மச்சான், இதை இப்படியேவா அனுப்புறது? பொண்ணு பார்க்க வந்தப்ப பூவாத்தாளை மூஞ்சி கழுவாமலா நிறுத்துனோம்?" என்றார் சேவுகன்.

"படிச்சவங்க பார்க்கப்போற தண்ணி. குடும்ப மானம்ல!" என்றார் மலையப்பன்.

அடைக்கலத்துக்கு அது நியாயமாகவே பட்டது. தண்ணீரைப் புது வேட்டியில் ஏழு முறை வடிகட்டினார்கள். கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினார்கள். அப்போதும் முகம் வெளுக்கவில்லை. துணைக்குக் கடையிலிருந்து கேன் தண்ணீர் வாங்கி ஊற்றினார்கள். துணைக்கு வந்த தண்ணீரே பாட்டிலை அடைத்துக்கொண்டதால், குழாய்த் தண்ணீரை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

வெயில் படக் கூடாதே! இருந்த ஒரே குடையைப் பாட்டிலுக்குப் பிடித்தபடி நாலு மைல் நடந்தார்கள். மூவரும் கறுத்துப் போனார்கள்.

'குடிக்க உகந்தது' என்று நீல முத்திரையோடு சீட்டு வந்தது. அடைக்கலம் சந்தோஷத்தில் அழுதே விட்டார். வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்தால், அதே டீ நிறம், அதே புழு.

"சீட்டு வந்த சங்கதி தண்ணிக்கு இன்னும் தெரியாது மச்சான்," என்றார் சேவுகன் கவலையோடு. "யாராச்சும் போய்ச் சொல்லணும்ல?"

மலையப்பன் மாடியேறி, சீட்டை மேல் தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை ராசையா வந்தார். "சீட்டு எங்கே?"

"தொட்டிக்குள்ள இருக்குங்க," என்றார் அடைக்கலம். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினார்.

ராசையா டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார். நீலமாக ஒரு துண்டுக் காகிதம் மிதந்தது. முத்திரைதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தார்.

"நிச்சயத்தை இன்னைக்கே முடிச்சுக்குவோம் சம்பந்தி," என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "சீர்வரிசை எதுவும் வேண்டாம். எங்க கிணத்துக்கும் இதே மாதிரி ரெண்டு சீட்டு வாங்கிக் கொடுங்க, ஆழம் ஜாஸ்தி. லேமினேஷன் மட்டும் பண்ணிராதீங்க, கரையாது."