அமைதிக்கு நான்கு மதிப்பெண்

குரு என்றால் ஒரு தாடியாவது இருக்கும் என்று நம்பித்தான் தெய்வசிகாமணி அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினார். நான்கு வருடமாகக் கம்ப்யூட்டரில் ‘குருவே, குருவே’ என்று எழுதி எழுதி, அவரே மனசுக்குள் ஒரு முகத்தைச் செய்து வைத்திருந்தார். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஜெராக்ஸ் கடையில் அந்த முகம் இல்லை. இருபத்தாறு வயது மதிக்கத்தக்க ஒரு பெண், யாருடைய ஆதார் கார்டுக்கோ லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இங்க... கருங்குளம்புன்னு ஒருத்தர்...”

“நான்தான் சார். பேரு ஜெபக்கனி. உக்காருங்க, இந்த அம்மாவ அனுப்பிட்டு வாறேன்.”

ஐம்பத்துமூன்று வயது இயற்பியல் வாத்தியார் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். நீங்க என்பதா, வாம்மா போம்மா என்பதா என்று அவருக்கு விளங்கவில்லை.

லாயம் என்பது கம்ப்யூட்டரில் ஆடும் குதிரை விளையாட்டு. குதிரை வளர்க்க வேண்டும், ஜோடி சேர்க்க வேண்டும், நல்ல குட்டியாகப் பார்த்துக் கண்காட்சிக்கு அனுப்பி மதிப்பெண் வாங்க வேண்டும். அதில் வைக்கோல் கிடையாது, சாணி கிடையாது. பொறாமை மட்டும் அசல். கருங்குளம்பு என்ற புனைபெயரில் ஆடும் ஜெபக்கனி ஒரு பிரிவில் பெயர் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் தங்கள் குதிரையை வேறு பிரிவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

குதிரைக்காக மட்டும் அவர் இத்தனை தூரம் வந்திருந்தால் நாமும் சிரித்துவிட்டுப் போகலாம். அவருக்கு வீட்டில் எழிலன் என்று ஒரு மகன் இருந்தான். இருபது வயது. அவனிடம் என்ன பேசினாலும் ‘சரிப்பா’ என்பான். சாப்பிடுறியா? சரிப்பா. தலைவலிக்குதா? சரிப்பா. கேள்வி எதுவாயிருந்தாலும் பதில் அதுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டுக் கேட்டு தெய்வசிகாமணிக்கு வீட்டுக்குள் நுழையவே பயம் வந்துவிட்டது. குதிரைக்கு ஒரு வழி பிறந்தால் வீட்டிலும் பிறக்கும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம் எப்படியோ உள்ளே புகுந்து உட்கார்ந்துகொண்டது. படித்த மனுசன்தான். என்ன செய்ய?

ஆதார் அம்மா போனாள். ஜெபக்கனி கம்ப்யூட்டரில் அவருடைய லாயத்தைத் திறந்தாள். அதில் ஒரே ஒரு குதிரை நின்றது. பெயர் சூறை.

“நல்ல குதிர சார். நடைக்கு இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு. இப்படி ஒரு நடைய நானே வளத்ததில்ல. என்ன பிரச்சன?”

“ஒரு தப்பு நடந்துபோச்சு.”

“என்ன தப்பு?”

தெய்வசிகாமணி வாசல் பக்கம் பார்த்துக்கொண்டார். ஒரு பெண்பிள்ளை முன்னால் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? “அது வந்து... அமைதிக்காக... அந்த ஆபரேஷன் மாதிரி...”

“காயடிச்சிட்டீங்க.”

“ஆமா.”

“எதுக்கு?”

“அமைதியில எப்பவும் ரெண்டு மார்க் கொறையும். மூணு கண்காட்சி, மூணுலயும் வெள்ளிதான். காயடிச்ச குதிரைக்கு அமைதியில நாலு மார்க் கூடும்னு போட்டிருந்தான். ஆண்டுக் கோப்பைக்கு மொத நாள் பண்ணிட்டேன்.”

“ஜெயிச்சுதா?”

“தங்கம்.”

சொல்லிவிட்டு வாத்தியார் தரையைப் பார்த்துக்கொண்டார்.

“சரி, குட்டி எடுக்க இந்த வம்சத்துல வேற ஆண் குதிர இல்லையா?”

“இல்ல. ஒன்பது தலமொற. இவன் ஒருத்தன் போதும்னு மத்ததையெல்லாம் விட்டுட்டேன்.”

“இவனோட அப்பன்?”

“போன மாசம் வயசாகிப் போயிருச்சு.”

ஜெபக்கனி ஒவ்வொரு தலைமுறையாகத் திறந்து பார்த்தாள். அவசரப்படவில்லை. தெய்வசிகாமணி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவர் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்பது முப்பது வருட சர்வீசில் அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

“வழி இல்ல சார்.”

“கம்பெனிக்கு எழுதிக் கேட்டா?”

“எழுதாத ஆளு இல்ல. மாத்தித் தர மாட்டாங்க.”

“குருவே, உங்களுக்குத் தெரியாதது இருக்காது. நீங்க சொன்னா நான்...”

“இல்ல சார். போனது போனதுதான்.”

அவர் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. அவள் போகச் சொல்லவும் இல்லை. பக்கத்துக் கடையில் தேங்காய் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“முன்னாடி எப்படி இருந்தான்?” என்று கேட்டாள்.

தெய்வசிகாமணிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“ஒரு எடத்துல நிக்க மாட்டான்! நான் லாயத்தத் தெறந்தா போதும், வேலி வரைக்கும் ஓடி வருவான். சவாரிக்காரனக் கீழ தள்ளுவான். ஒருதடவ நடுவரோட தொப்பியக் கவ்விட்டான், அதுக்கு அஞ்சு மார்க் போச்சு. எப்பப் பாத்தாலும் சத்தந்தான். வீட்டுக்கு வந்தா கேட்டைக் கையால தெறந்ததே கெடையாது, ஒதைதான். செருப்பு ஒண்ணு வாசல்ல கெடக்கும், இன்னொண்ணு...”

ஜெபக்கனி திரும்பிப் பார்த்தாள்.

“குதிரைக்கு ஏது சார் செருப்பு?”

தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

“என் பையன்மா.”

அவர் சொன்னார். பதினொன்றாம் வகுப்பில் மகனை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார். சேட்டை அதிகம், கவனம் பத்தாது, வாய் ஓயாது. இரண்டு வருடம் கட்டுக்குள் வைத்தால் சரியாகிவிடுவான் என்று அந்தப் பள்ளியில் சொன்னார்கள். சொன்னபடியே செய்தும் கொடுத்தார்கள். மாவட்டத்தில் நான்காவது இடம். பள்ளி வாசலில் போட்டோ போட்ட பேனர். சொந்தக்காரர்கள் எல்லாம் “என்ன அடக்கமான பிள்ள” என்று வாயாரப் புகழ்ந்தார்கள். அதைக் கேட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்ததையும் அவர் மறைக்கவில்லை.

“இப்ப காலேஜுல இருந்து லீவுக்கு வந்திருக்கான். சுவரப் பாத்து உக்காந்திருக்கான். திட்டிப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன். நேத்து அவன் முன்னாடி அழுதே பாத்துட்டேன். ‘சரிப்பா’ங்கிறான்.”

ஜெபக்கனி எழுந்தாள். தன் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

“இதுல உக்காருங்க.”

உட்கார்ந்தார். அவள் தன்னுடைய லாயத்தைத் திறந்தாள். வெள்ளைக் கால் வைத்த ஒரு கறுப்புக் குட்டி திரையில் இங்கும் அங்கும் துள்ளியது. கருங்குளம்பின் பதினேழாவது தலைமுறை. வரப்போகும் ஆண்டுக் கோப்பைக்கு லாயம் ஆடுகிற அத்தனை பேரும் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான்.

“காயடிங்க.”

“என்னம்மா சொல்றீங்க!”

“மவுஸப் பிடிங்க சார். காயடிங்க.”

“நான் மாட்டேன். இது உங்களோட...”

“குருன்னு கூப்பிட்டீங்கல்ல?”

‘காயடி’ என்று எழுதியிருந்த இடத்தில் அழுத்தினார். திரையில் ஒரு கட்டம் வந்தது.

“வாசிங்க. சத்தமா.”

“இந்தச் செயலைத் திரும்பப் பெற முடியாது. உறுதியா?”

“ஆமான்னு அமுக்குங்க.”

அழுத்தினார். இன்னொரு கட்டம் வந்தது.

“வாசிங்க.”

“இந்தக் குதிரை இனி உங்களைக் கண்டதும் ஓடி வராது. உறுதியா?” வாசித்துவிட்டு அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அமுக்குங்க.”

மூன்றாவது கட்டத்தை வாசிக்க அவருக்கு நேரம் பிடித்தது. “கடைசியாகக் கேட்கிறோம். உறுதியா?”

அவர் அழுத்தவில்லை. மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டார். கறுப்புக் குட்டி துள்ளிக்கொண்டே இருந்தது.

“அன்னிக்கு எனக்கு இந்தக் கட்டமெல்லாம் வரவே இல்லையேம்மா.”

“வந்திருக்கும் சார். எல்லாருக்கும் வரும்.”

அவர் யோசித்தார். ஆண்டுக் கோப்பைக்கு முதல் நாள். பெயர் கொடுக்க ஏழு நிமிடம்தான் பாக்கி. ஏதோ கட்டம் கட்டமாக வந்தது, அவர் வாசிக்காமல் ஆமா ஆமா என்று அழுத்திக்கொண்டே போனார். தங்கம் மட்டும்தான் அப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

“ஆமா,” என்றார். “வந்துச்சு.”

ஜெபக்கனி அந்தக் கட்டத்தை மூடினாள்.

தெய்வசிகாமணி முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். ஜெராக்ஸ் எடுக்க வந்த யாரோ அவரைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்கள். வாத்தியாருக்கு அது தெரியவில்லை. கைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“கேவலம் ஒரு வெளையாட்டு. அது மூணு தடவ கேக்குது. என் பிள்ள விசயத்துல யாருமே கேக்கலையேம்மா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ யாராவது என்னக் கேட்டிருந்தா நான் அவன அங்க விட்டு வச்சிருப்பனா?”

ஜெபக்கனி மெதுவாகத்தான் கேட்டாள்.

“அந்த ஸ்கூல் ஹாஸ்டல்ல இருந்து உங்களுக்கு எத்தன தடவ போன் பண்ணான் சார்?”